காது வலிக்கும் முன்பே: புதிதாக ஸ்கூபா கற்பவர்களுக்கு

ஸ்கூபா டைவிங்குக்கு முதல்முறை போகிறவர்கள் சுறா வருமா, டேங்கில் காற்று தீர்ந்துவிடுமா என்றுதான் பயப்படுகிறார்கள். அவர்களைப் பாதியிலேயே மேலே அனுப்பிவைப்பது பெரும்பாலும் காது. இரண்டு, மூன்று மீட்டர் இறங்குவதற்குள் காதுக்குள் ஓர் இறுக்கம், அப்புறம் குத்தும் வலி. சொல்லிக்கொடுத்தபடி மூக்கைப் பிடித்து ஊதிப் பார்க்கிறார்கள், ஒன்றும் நடப்பதில்லை. இன்னும் பலமாக ஊதுகிறார்கள். அதற்குள் இன்ஸ்ட்ரக்டர் இன்னும் ஒரு மீட்டர் கீழே கூட்டிப்போயிருப்பார்.

மேலே வந்ததும், "எனக்குக் காது சரியில்லை, டைவிங் நமக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. ஊத ஆரம்பித்தது தாமதம், அவ்வளவுதான். ஏன் அந்தச் சின்னத் தாமதம் இவ்வளவு படுத்துகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

உள்ளே என்ன நடக்கிறது

செவிப்பறைக்கு வெளியே இருக்கும் காதுத் துவாரத்தில் கடல்நீர் தாராளமாக வந்து போகும், அதில் பிரச்சினை இல்லை. செவிப்பறைக்கு உள்பக்கம் நடுச்செவி என்று ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் இருப்பது காற்று. தண்ணீர் அழுத்தத்தில் சுருங்காது, காற்று சுருங்கும். கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றி ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அதனால் மேலே இருந்த அதே காற்று 10 மீட்டரில் பாதி இடத்தில் அடங்கிவிடும். நடுச்செவியின் சுவரோ எலும்பு, அது சுருங்காது. அங்கே வளையக்கூடியது செவிப்பறை ஒன்றுதான். அது உள்பக்கமாக இழுபடுகிறது. நாம் உணரும் வலி அந்த இழுப்புதான்.

செவிப்பறையின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூட வராது. ஒரு மீட்டர் ஆழத்தில் அதன் மேல் ஏறும் கூடுதல் எடை சுமார் 60 கிராம், மூன்று மீட்டரில் 180 கிராம் அளவுக்கு. அவ்வளவு மெல்லிய தோலுக்கு இது பெரிய சுமை.

விமானத்தில் காது அடைத்துக்கொள்ளும் அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் சுமார் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அங்கிருந்து தரைக்கு வரும்போது ஏற்படும் மாற்றம் முழுவதையும் கடலில் கணக்குப் போட்டால் இரண்டரை மீட்டர் ஆழம்தான். விமானம் அதை அரை மணி நேரத்தில் செய்கிறது. தண்ணீரில் பத்து விநாடியில் செய்துவிடலாம். டைவ் செய்ய அந்தமானுக்குப் போகும் வழியில் விமானத்திலேயே காது திண்டாடினால், அதை ஒரு முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

இழுபட்ட செவிப்பறையை மறுபடி நேராக்க வேண்டுமானால் நடுச்செவிக்குள் கூடுதல் காற்றை அனுப்ப வேண்டும். அதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. மூக்கின் பின்பகுதி தொண்டையோடு சேரும் இடத்திலிருந்து இரண்டு காதுக்கும் ஆளுக்கொன்றாக யூஸ்டேஷியன் குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அதன் நீளம் மூன்றரை சென்டிமீட்டர் அளவு. இது சாதாரணமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசைகள் இழுப்பதால் நொடிப்பொழுது திறக்கும். அப்போது காதில் கேட்கும் 'டிக்' சத்தம் அதுதான்.

இந்தக் குழாயின் தொண்டைப்பக்க முனை மென்மையான சதை. காதிலிருந்து காற்று வெளியே வருவது எளிது, உள்ளே போவதுதான் கடினம். மளிகைக் கடையில் தரும் புது பாலித்தீன் கவரின் வாய் ஒட்டிக்கொண்டிருக்குமே, கிட்டத்தட்ட அப்படி. ஒட்டும் முன்பு லேசாக ஊதினால் பிரிந்துவிடும். இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறியபின் எவ்வளவு ஊதினாலும் இன்னும் இறுகும். வெளிக்கும் உள்ளுக்கும் இருக்கும் அழுத்த வேறுபாடு 90 மில்லிமீட்டர் பாதரச அளவை நெருங்கும்போது குழாய் இப்படிப் பூட்டிக்கொள்ளும், தசைகளால் அதைத் திறக்க முடியாது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதைத் தண்ணீர்க் கணக்கில் மாற்றிப் பாருங்கள்: வெறும் 1.2 மீட்டர். நீச்சல் குளத்தில் நெஞ்சளவுத் தண்ணீர்!

ஒரு தடவைகூடச் சமன் செய்யாமல் இரண்டு மீட்டர் இறங்கிவிட்டு, வலிக்க ஆரம்பித்த பிறகு மூக்கைப் பிடிப்பவரின் நிலை இதுதான். கதவு ஏற்கெனவே பூட்டிவிட்டது, இனிமேல் தள்ளிப் பயனில்லை. மேலே ஏறினால் மட்டுமே திறக்கும்.

காற்றை அனுப்பும் வழிகள்

டைவர்கள் இதை 'ஈக்வலைஸ்' செய்வது என்பார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்லித்தருவது வால்சால்வா முறை: மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மூக்கு வழியாக மெதுவாக ஊதுவது. மாஸ்க்கில் மூக்கு இருக்கும் பகுதி மெத்தென்ற சிலிக்கானில் இருப்பதன் ஒரு காரணம், வெளியிலிருந்தே மூக்கைப் பிடிக்க முடிய வேண்டும் என்பது. (நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு டைவ் செய்ய முடியாததும் இதனால்தான். மூக்கு வெளியே இருந்தால் கண்ணாடிக்குள் இருக்கும் காற்றைச் சமன் செய்ய வழியே கிடையாது.)

அந்தோனியோ வால்சால்வா டைவர் இல்லை. இத்தாலிய உடற்கூறு அறிஞர். 1704இல் வெளியான காது பற்றிய தன் நூலில், காதுக்குள் கட்டிய சீழை வெளியே தள்ளுவதற்காக இந்த முறையை எழுதினார். சீழைத் தள்ளும் பலத்தோடு நாம் ஊதவேண்டியதில்லை. வால்சால்வாவில் இருக்கும் ஆபத்து அதன் பலம்தான். நெஞ்சு, வயிற்றுத் தசைகள் எல்லாம் சேர்ந்து தள்ளுவதால் தேவைக்கு மேல் அழுத்தம் ஏறிவிடும். அந்த அழுத்தம் தலைக்குள் இருக்கும் திரவத்தின் வழியாக உட்செவிக்குப் போய், அங்கே இருக்கும் மெல்லிய சவ்வைக் கிழித்துவிடக்கூடும். மூக்குச் சளியைச் சிந்துவதை விடவும் மெதுவாக ஊத வேண்டும். ஓரிரு விநாடி போதும். நடக்கவில்லையென்றால் விட்டுவிட்டு, சற்று மேலே போய் மறுபடி முயல வேண்டும். முகம் சிவக்க ஊதுவது கூடவே கூடாது.

இரண்டாவது, டாயின்பீ முறை. மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது. ஜோசப் டாயின்பீ 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் காது மருத்துவர். காது இரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோஃபார்மையும் ஹைட்ரோசயனிக் அமிலத்தையும் தானே முகர்ந்து பரிசோதித்ததில் 1866இல் இறந்துபோனார். அவர் பெயரில் இருக்கும் முறை அவர் செய்த சோதனையைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. ஒரே இடைஞ்சல், டேங்க் காற்று ஈரமே இல்லாதது. வாய் வறண்டு கிடக்கும்போது ரெகுலேட்டரை (டேங்க் காற்றை வாய்க்குத் தரும் கருவி) கடித்துக்கொண்டு எச்சிலுக்கு எங்கே போவது? வால்சால்வாவையும் விழுங்குவதையும் ஒரே நேரத்தில் செய்யும் லோரி முறை, ஒரு காது மட்டும் அடம்பிடிப்பவர்களுக்குப் பல நேரம் கைகொடுக்கும்.

என்னைக் கேட்டால், புதியவர்கள் நேரம் செலவழிக்க வேண்டியது மூன்றாவதான ஃபிரென்சல் முறையில். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செங்குத்தாகப் பாய்ந்து குண்டுபோடும் ஜெர்மானிய விமானிகளுக்கு மருத்துவர் ஹெர்மன் ஃபிரென்சல் சொல்லிக்கொடுத்தது. இதில் நுரையீரலுக்கு வேலையே இல்லை. தொண்டையை மூடி, வாய்க்குள்ளும் மூக்குக்குப் பின்னும் இருக்கும் கொஞ்சக் காற்றை நாக்கால் அமுக்குவது மட்டும்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'க்' என்று சொல்லப் பாருங்கள். 'பாக்கு' என்று சொல்லும்போது நடுவில் ஒரு கணம் நாக்கின் பின்பகுதி மேலே போய் நிற்குமே, அதே இடம். சத்தம் வெளியே வராது, நாக்கு பிஸ்டன் மாதிரி காற்றைப் பின்னால் தள்ளும். சரியாக வந்தால் காதில் 'டிக்'.

நீங்கள் செய்வது ஃபிரென்சலா வால்சால்வாவா என்று தெரிந்துகொள்ள, கண்ணாடி முன் நின்று ஒரு கையை வயிற்றில் வையுங்கள். வயிறு இறுகினால் வால்சால்வா. வயிறு சும்மா இருக்க, தொண்டையில் துருத்தி நிற்கும் குரல்வளை மேடு மட்டும் மேலே ஏறி இறங்கினால் ஃபிரென்சல். சிலருக்கு முதல் நாளே வந்துவிடும், சிலருக்கு வாரக்கணக்கில் பிடிக்கும். பயணத்துக்கு முன்பே வீட்டில் தினமும் காலை சில தடவை பழகினால் கடலில் யோசிக்க வேண்டியிருக்காது. நாள் முழுக்க டிக் டிக் என்று செய்துகொண்டே இருக்க வேண்டாம், குழாய் எரிச்சலாகிவிடும்.

தண்ணீரில் இறங்கும்போது

முதல் ஈக்வலைஸ் தண்ணீருக்கு மேலேயே. பிசிடியிலிருந்து (நம்மை மிதக்கவைக்கும் காற்றடைத்த சட்டை) காற்றை விடும் முன்பே ஒரு தடவை செய்து, காது கொஞ்சம் உப்பிய நிலையில் இறங்குவது நல்ல பழக்கம். தலை மூழ்கியதும் இன்னொன்று. அப்புறம் அரை மீட்டருக்கு ஒன்று, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வலி வரக் காத்திருக்கக் கூடாது, அழுத்தம் தெரியவும் காத்திருக்கக் கூடாது. இது அதிகமாகத் தோன்றும். ஆனால் முதல் 10 மீட்டரில்தான் காற்று பாதியாகச் சுருங்குகிறது. அடுத்த 10 மீட்டரில் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாக மட்டுமே. அதனால் ஆழம் போகப் போக வேலை குறையும். 5 மீட்டர் தாண்டிவிட்டால் பலருக்கும் காதை மறந்தே போகும்.

தலைகீழாக இறங்காதீர்கள். தலை கீழே இருந்தால் ரத்தம் அங்கே சேர்ந்து குழாயின் உட்சதை தடித்துக்கொள்ளும். அதோடு, காற்று மேல்நோக்கி நகரப் பார்க்கும்போது காது கீழே இருக்கும். கால் கீழே, தலை மேலே, ஒரு கை நங்கூரக் கயிற்றில், மற்றொரு கை மூக்கில். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களும் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, கால் முதலாகத்தான் இறங்கினார்கள். தாடையைக் கொஞ்சம் முன்னே தள்ளி, மேலே பார்த்தபடி இருந்தால் குழாய் சற்று இளகும். ஒரு காது மட்டும் திறக்கவில்லையென்றால் அந்தக் காது மேலே பார்க்கும்படி தலையைச் சாய்த்து முயலுங்கள்.

இறுக்கம் வந்துவிட்டதா? நின்றுவிடுங்கள். அதே ஆழத்தில் நின்று மல்லுக்கட்டாமல் அரை மீட்டரோ ஒரு மீட்டரோ ஏறி, அங்கே மெதுவாக முயலுங்கள். திறந்தால் இறங்கலாம். மூன்று, நான்கு தடவை இப்படி ஏறி இறங்கியும் திறக்கவில்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இதை எழுதுவது எளிது, செய்வது கடினம். காரணம் காது இல்லை, கூச்சம். அந்தமானின் ஹாவ்லாக் தீவில் (இப்போதைய பெயர் ஸ்வராஜ் த்வீப்) சான்றிதழ் இல்லாமல் போகும் முதல்முறை டைவில் இன்ஸ்ட்ரக்டர் நம் டேங்கைப் பிடித்துக்கொண்டு இறக்குவார். வேகம் அவர் கையில். காதில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை, நாம் சொன்னால்தான் உண்டு. விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, பிறகு காதைச் சுட்டிக்காட்ட வேண்டும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டாதீர்கள். தண்ணீருக்கு அடியில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம், 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று இல்லை. நான்கு பேர் குழுவில் நம்மால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்து வலியை மென்று விழுங்குபவர்கள் நம்மவர்களில் நிறைய. இன்ஸ்ட்ரக்டருக்கு இது அன்றாட வேலை. காது மெதுவாகத் திறக்கும் என்று கரையிலேயே சொல்லிவிட்டால் உங்களைக் கடைசியாக, தனியாக இறக்குவார்.

இடமும் கொஞ்சம் உதவும். ஹாவ்லாக்கின் நீமோ ரீஃப் போல, கரையிலிருந்தே நடந்து இறங்கிப் படிப்படியாக ஆழமாகும் இடம் காதுக்கு மிகவும் நல்லது. புதுச்சேரியில் படகில் நடுக்கடலுக்குப் போய் இறங்கினால் கீழே தரை தெரியாது, அலை ஆட்டும், பதற்றம் கூடும். கயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல் அங்கே இறங்குவது காதுக்கு நல்லதில்லை. அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் அதிகமாக இருந்தாலும் கல் மாதிரி போய்விடுவீர்கள். வேகத்தை நீங்கள் கட்டுப்படுத்த முடிகிறதா என்பதை முதல் ஒரு மீட்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சளி பிடித்திருந்தால்

இதில் நான் கொஞ்சம் கறார். சளி, மூக்கடைப்பு, சைனஸ் தொந்தரவு இருந்தால் டைவ் வேண்டாம். விமான டிக்கெட், விடுதி, கட்டிய பணம் எல்லாம் கண்முன் வரும் என்பது தெரியும். அதனால்தான் பலரும் மூக்கில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை ஸ்ப்ரேக்கள் சதை வீக்கத்தைச் சில மணி நேரம் வற்றவைக்கும். இறங்கும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும். சிக்கல், மருந்தின் வீரியம் தண்ணீருக்கு அடியில் தீரும்போது.

மேலே ஏறும்போது நடுச்செவியில் இருக்கும் காற்று விரியும். அது வெளியேற வழி வேண்டும். குழாய் வீங்கி அடைத்திருந்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டு செவிப்பறையை வெளிப்பக்கமாகத் தள்ளும். இதை 'ரிவர்ஸ் பிளாக்' என்பார்கள். இறங்கும்போது வலித்தால் ஏறிவிடலாம். ஏறும்போது வலித்தால்? டேங்கில் இருக்கும் காற்றுக்கு அளவு உண்டு, கீழேயே இருக்க முடியாது. ஒரு மீட்டர் இறங்கி, எச்சில் விழுங்கி, தாடையை அசைத்து, மிக மெதுவாக ஏறுவது ஒன்றுதான் வழி. அப்போது மூக்கைப் பிடித்து ஊதக் கூடாது, இருக்கிற அழுத்தத்தோடு இன்னும் சேரும். ஒரு காது திறந்து மறுகாது திறக்காவிட்டால் திடீரென்று தலைசுற்றலும் வரலாம். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், கயிற்றையோ பக்கத்திலிருப்பவரையோ பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

ஸ்ப்ரேயை நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து அடித்தால் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும் என்பது தனிக்கதை. உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, நிறையத் தண்ணீர் குடிப்பது, சில நாளாவது புகைக்காமல் இருப்பது ஆகியவற்றில் தப்பில்லை. காதடைப்பான் மட்டும் போடவே கூடாது. அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் நடுவே இன்னொரு காற்றறை உருவாகிவிடும், அதைச் சமன் செய்ய எந்தக் குழாயும் இல்லை.

மேலே வந்த பிறகு

டைவ் முடிந்தபின் காது மந்தமாக, பஞ்சு அடைத்தது போலிருந்தால் உடனே தண்ணீர் போய்விட்டது என்று நினைத்து ஒற்றைக் காலில் குதிப்போம். காதுத் துவாரத்தில் நின்ற கடல்நீர் என்றால் சற்று நேரத்தில் வடிந்துவிடும். மறுநாளும் மந்தம் போகவில்லையென்றால் அது செவிப்பறைக்கு உள்பக்கம் சேர்ந்த திரவமாக இருக்க வாய்ப்பு அதிகம். சமன் செய்யாமல் இறங்கியபோது நடுச்செவிக்குள் உண்டான வெற்றிடம், சுற்றியுள்ள சதையிலிருந்து நீரையும் சில நேரம் ரத்தத்தையும் உறிஞ்சியிருக்கும். குதித்தாலும் குச்சி விட்டாலும் அது வராது. லேசான காயம் என்றால் சில நாளிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் தானே வற்றிவிடும். அதுவரை மறுபடி இறங்கக் கூடாது. மாஸ்க்கில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தால் பெரும்பாலும் மூக்கு, சைனஸ் பகுதியிலிருந்து வந்தது. பயப்பட வேண்டியதில்லை என்றாலும், இறங்கிய விதம் சரியில்லை என்று அது சொல்கிறது.

செவிப்பறை கிழிந்தால் பெரும்பாலும் வலி சட்டென்று குறைந்துவிடும், அதுதான் ஏமாற்றும். குளிர்ந்த நீர் உள்ளே போவதால் தலை பயங்கரமாகச் சுற்றும். நடுச்செவி உடல் சூட்டுக்கு வந்ததும் சுற்றல் நிற்கும். சிறிய கிழிசல் பல வாரங்களில் தானாகவே மூடிக்கொள்வதுண்டு, ஆனால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இந்த நேரத்தில் வீட்டில் யாராவது அன்போடு நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்து வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓட்டை இருக்கும் செவிப்பறையில் எண்ணெயோ, மருந்துக்கடைச் சொட்டு மருந்தோ எதையும் விடக் கூடாது.

ஒரு காதில் கேட்பது திடீரென்று குறைந்தால், இரைச்சல் புதிதாகத் தொடங்கினால், தலைசுற்றல் நிற்காமல் இருந்தால், அது உட்செவிக் காயமாக இருக்கலாம். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும், டைவ் செய்ததைச் சொல்ல வேண்டும். அதற்குள் மூக்கைப் பிடித்து ஊதுவதோ, பாரம் தூக்குவதோ கூடாது. தாமதித்தால் கேட்கும் திறனே நிரந்தரமாகக் குறைந்துவிடக்கூடும்.

காதில் முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தால், சின்ன வயதில் காதில் சீழ் வடிந்திருந்தால், மூக்குத் தண்டு வளைந்திருப்பதாக யாராவது சொல்லியிருந்தால், விமான டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. டைவிங் பள்ளிகள் முதலில் ஓர் உடல்நலப் படிவம் தருவார்கள். அதில் காது பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள். தீவுக்குப் போன பிறகு அதற்காக மருத்துவரைத் தேடி அலைவதற்குப் பயந்துதான் பலரும் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் படிவத்தை இணையத்திலிருந்து முன்கூட்டியே இறக்கி, உங்கள் ஊரிலேயே காதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.